கால ஊனிட்டியா?

சைக்கிள் பந்தயம் முடிந்து வீட்டுக்கு வந்து கால் சப்பாத்தைக் கழற்றுவதற்குள் அக்காவின் போன் வந்துவிடும். ஜெயித்தாயா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. பசியாறினாயா என்பதுகூட அப்புறம்தான். முதல் கேள்வி எப்போதும் ஒன்றே.

“என்னடா, கால ஊனிட்டியா?”

“ஊனிட்டேன்.”

“சரி விடு. அடுத்த தடவ பாத்துக்கலாம்லா.”

எங்கள் குடும்பத்தைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் பேச்சு விளங்காது. ஊனுவது என்றால் காலைத் தரையில் ஊன்றுவது, அவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு வேறு அர்த்தம் ஏறிவிட்டது. பாதியில் படிப்பை விட்ட மாமா பையன் படிப்பில் கால் ஊனிட்டான். இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுத் தீபாவளிக்குப் போத்தலைத் திறந்த சித்தப்பா அன்றைக்கே ஊனிட்டார். கல்யாணமே வேண்டாம் என்று முறுக்கிக்கொண்டு திரிந்த நான், பெண் பார்க்கப் போன வீட்டில் இரண்டாவது குவளை தேத்தண்ணியைக் கேட்டு வாங்கிக் குடித்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா என் காதில் சொன்னதும் இதைத்தான். “ஊனிட்டடா.” முப்பது வருஷம் ஆகப்போகிறது. அந்தக் கதையை என் மனைவியிடம் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இந்தச் சொல் பிறந்தது ஸ்லோ சைக்கிள் போட்டியில். ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகிற பாதையில், உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில்தான் நாங்கள் பிறந்து வளர்ந்தோம். வருஷத்துக்கு ஒரு முறை பிரட்டுக் களத்தில் விளையாட்டுப் போட்டி நடக்கும். விடியுமுன் வேலையாட்கள் வரிசையில் நின்று பேர் கொடுக்கிற மைதானம் அது. மற்ற நாட்களில் அங்கே ஏச்சும் பேச்சும்தான். அன்று ஒருநாள் மட்டும் சுண்ணாம்புக் கோடு போட்டு, கலர் காகிதம் கட்டி, ஒலிபெருக்கியில் பாட்டு வைப்பார்கள். சாக்கு ஓட்டம், கரண்டியில் எலுமிச்சம்பழம் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஸ்லோ சைக்கிள். அதற்குத்தான் கூட்டம் நெருக்கும்.

மற்ற போட்டிக்கெல்லாம் நேர்மாறானது அது. ஆளுக்கு ஒரு குறுகின தடம். கடைசியாக யார் கோட்டுக்குப் போய்ச் சேருகிறாரோ அவருக்குத்தான் பரிசு. நிற்கலாம், ஆடலாம், முன்சக்கரத்தை இப்படியும் அப்படியும் திருப்பலாம். கால் மட்டும் தரையில் படக் கூடாது. பட்டால் தோட்டத்துக் கிராணி, அதாவது ஆபீசில் எழுத்து வேலை பார்ப்பவர், விசிலை ஊதிவிடுவார். அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவே மாட்டார். கோழிக் கூண்டைச் சுற்றுகிற கீரி மாதிரி எல்லோருடைய காலையும் பார்த்துக்கொண்டே நடப்பார். விசில் வந்தால் கூட்டம் மொத்தமும் கத்தும். “ஊனிட்டான்.”

அக்கா அதில் ஆண்களையும் சேர்த்துத் தோற்கடிப்பாள். அதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. அவள் மரம் சீவப் போய்க்கொண்டிருந்தாள். பெரிய கறுப்புச் சைக்கிளின் இரண்டு பக்கமும் ரப்பர்ப் பால் வாளியைக் கட்டிக்கொண்டு, மழை பெய்து வழுக்குகிற செம்மண் சரிவில் தினமும் இறங்கி வர வேண்டும். வேகமாக வந்தால் பால் சிந்தும். பயந்து காலை ஊன்றினாலும் வண்டி சாய்ந்து பால் சிந்தும். அதனால் நத்தை மாதிரி, காலை ஊன்றாமல் வந்து பழகிவிட்டாள். போட்டியென்று அவள் தனியாக எதையும் செய்யவில்லை. நானோ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவளைத் தோற்கடிப்பதற்காகவே பயிற்சி செய்தேன். அப்போதே எனக்கு அவள் மேல் அவ்வளவு வயிற்றெரிச்சல்.

தோட்டத்தை விற்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்த வருஷம், கடைசிப் போட்டி. ஒவ்வொருவராக விசில் வாங்கி வெளியேற, மிஞ்சியது அக்காவும் நானும். பக்கத்துப் பக்கத்துத் தடம். இரண்டு சைக்கிளும் நின்ற இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தன. அவளுடைய முன்சக்கரம் என்னுடையதைவிட ஒரு முழம் முன்னால் இருந்தது. இப்படியே போனால் ஜெயம் எனக்குத்தான். அப்போது அக்கா என் பக்கம் திரும்பாமல், ரொம்ப அக்கறையாக, மெதுவாகச் சொன்னாள்.

“டே தம்பி, உன் சிலுவார் பின்னால கிழிஞ்சிருக்கு.”

நான் திரும்பிப் பார்த்தேன். விசில் வந்துவிட்டது.

சிலுவார் கிழியவில்லை. அது முந்தின நாள்தான் வாங்கின கால்சட்டை. அவள் பரிசாக வாங்கின பூப்போட்ட பிளாஸ்க் அடுத்த மாதமே கீழே விழுந்து உடைந்தது, அதில் எனக்கு மகா சந்தோஷம். ஏமாற்றி ஜெயித்தாய் என்று நானும், பேசக் கூடாது என்று யார் சட்டம் போட்டது என்று அவளும் அன்றைக்குத் தொடங்கிய சண்டை, தோட்டத்தை விட்டு வெளியேறி, ஈப்போவுக்கு வந்து, இரண்டு பேருக்கும் தலை நரைத்த பிறகும் முடியவில்லை.

இந்த வயதில் நான் பந்தயச் சைக்கிளில் ஏறியதற்கு இனிப்பு நீர்தான் காரணம். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். என்னோடு ஏர்கான் சர்வீஸ் வேலை பார்க்கிற கூட்டாளி தன்னுடைய பழைய பந்தயச் சைக்கிளை என் தலையில் கட்டினான். “மச்சான், ஒரு மாசம் ஓட்டிப் பாரு, சீனி தன்னால எறங்கும்,” என்றான். சீனி இறங்கியது உண்மைதான். ஆனால் அவன் அதோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை குழுவில் சேர்த்தான். அதற்கப்புறம் பந்தயத்துக்கும் பேர் கொடுத்துவிட்டான்.

குழுவில் இருக்கிற சின்னப் பையன்கள் பேசுவது சைக்கிளைப் பற்றியா, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைப் பற்றியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இதயத் துடிப்பு இவ்வளவு, மிதிக்கிற வாட் அவ்வளவு, நேற்றுத் தூங்கினது எவ்வளவு. வாயைத் திறந்தால் எண்தான். கேட்டுக் கேட்டு எனக்கு மண்டை காய்ந்துவிடும். அவர்களுக்கும் என்னைப் பார்த்தால் சிரிப்புதான், ஒரு விஷயத்தைத் தவிர. பந்தயச் சைக்கிளில் சப்பாத்து பெடலோடு பூட்டிக்கொள்ளும். சாலையில் சிவப்பு விளக்கு விழுந்தால் எல்லோரும் டக்கு டக்கென்று சப்பாத்தை விடுவித்துக் காலைக் கீழே வைப்பார்கள். நான் வைக்க மாட்டேன். பச்சை விழும்வரை முன்சக்கரத்தை ஆட்டிக்கொண்டே நிற்பேன். “அங்கிள், எங்க கத்துக்கிட்டீங்க?” என்று ஒருவன் கேட்டான். பிரட்டுக் களத்தில் என்றேன். அது ஏதோ ஜிம் என்று நினைத்துக்கொண்டான்.

ஆனால் நான் கலந்துகொண்ட பந்தயத்தில் நிற்கத் தெரிந்தவனுக்கு வேலை இல்லை. கிரிட்டேரியம் என்பார்கள். ஊருக்குள் நாலைந்து தெருவை மூடி, செக்குமாடு மாதிரி அதே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். கடைசிச் சுற்று தொடங்கும்போது கோட்டில் ஒரு மணியை அடிப்பார்கள். ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் அந்த மணிச் சத்தம் தேன். ஆனால் அதைக் கேட்க அதுவரை சாலையில் இருக்க வேண்டுமே. முன்னால் போகிற கும்பல் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பின்னாலிருந்து நம்மைப் பிடித்துவிட்டால், நடுவர் விசில் ஊதி நம்மை வெளியே அனுப்பிவிடுவார். மெதுவாகப் போனதற்குத் தண்டனை. அக்காவுக்கு இதை முதல்தடவை விளக்கியபோது அவளால் நம்பவே முடியவில்லை.

“மெதுவா போனவன வெளியாக்குறானுங்களா? அது என்னடா போட்டி?”

கமுந்திங்கில் வெளியே அனுப்பினார்கள். ஆயர் தாவாரில் அனுப்பினார்கள். ஈப்போவில், என் மனைவியும் மகளும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அனுப்பினார்கள். ஒரு தடவையாவது அந்த மணி அடிக்கும்போது நான் சைக்கிள் மேல் இருக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை. முதல் பரிசு, பத்தாம் பரிசு எல்லாம் வாட் எண்ணுகிற பையன்களே எடுத்துக்கொள்ளட்டும்.

அக்கா புந்தோங்கில் தனியாக இருந்தாள். அத்தான் இறந்த பிறகு அவளுடைய இரண்டு மகன்களும் தெற்குக் கோடியில் இருக்கிற ஜோகூருக்கு வந்துவிடும்படி கெஞ்சிப் பார்த்தார்கள், மிரட்டிப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. “அவனுங்க நல்ல புள்ளைங்கதான். ஆனா நான் கால ஊன மாட்டேன்,” என்பாள். வாசலில் கறிவேப்பிலை மரம், கோயிலில் செவ்வாய்க்கிழமைக் கூட்டம், பாசாரில் அவளுக்கென்று மீனை எடுத்து வைக்கிற சீனக் கிழவர் என்று எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். ஆனால் அதற்கப்புறம் முழங்கால் பழையபடி மடங்கவில்லை.

ஒரு மாலை போனில், மழையைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னாள்.

“பெரியவன் அடுத்த வாரம் லோரி கொண்டாரான்.”

“லோரி எதுக்கு?”

“சாமான் ஏத்தத்தான்.” உடனே பேச்சை மாற்றினாள். “உனக்கு இந்த ஞாயித்துக்கெழம போட்டி இருக்குல்ல? எங்க?”

அக்கா ஜோகூருக்குக் கிளம்புகிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. போட்டி எங்கே என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. எங்கள் தோட்டத்தில் ரப்பரை வெட்டி எண்ணெய்ப் பனை வைத்தார்கள், பனையை வெட்டித் தாமான் என்று புதிய குடியிருப்பு கட்டினார்கள். கடைவீடுகள் வரிசையாக எழும்பிவிட்டன, பாதிக்கு மேல் இன்னும் காலி. தார்ச்சாலை மட்டும் புத்தம் புதிதாகக் கிடந்தது. சைக்கிள் பந்தயத்துக்கு அதைவிடத் தோதான இடம் ஏது. போட்டி அங்கேதான்.

“நம்ம தோட்டத்துல,” என்றேன்.

“சரி, நானும் வாரேன்,” என்றாள். “போறதுக்கு முன்னால ஒரு தடவ நீ ஓட்டுறதப் பாத்துட்டுப் போறேன்.”

அன்று ராத்திரியே முடிவு செய்துவிட்டேன். மற்ற பந்தயம் எப்படி வேண்டுமானாலும் போகட்டும். இந்த ஒன்றில் மணிச் சத்தம் கேட்கும்வரை நான் சாலையில் இருந்தே தீர வேண்டும். அக்கா பார்க்கிற முதல் பந்தயமும் கடைசிப் பந்தயமும் இதுதான். அவள் கண்ணெதிரே எனக்கு விசில் ஊதினால், ஜோகூரில் உட்கார்ந்துகொண்டு ஆயுசுக்கும் அதையே சொல்லிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அது இல்லை காரணம். அவள் சந்தோஷமாகப் போக வேண்டும் என்று இருந்தது.

ஞாயிறு காலை என் காடியில் அவளை அழைத்துப் போனேன். நல்ல சேலை கட்டி, மடியில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களை வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி வந்தாள். உள்ளே திரும்பியதும் கார்க் கண்ணாடியை இறக்கினாள். எதையும் அடையாளம் தெரியவில்லை. லயத்து வீடுகள் இல்லை, பால் ஸ்டோர் இல்லை, மேட்டில் இருந்த துரை பங்களா இல்லை. மேடே இல்லை. சுண்ணாம்புக்கல் மலை மட்டும் அதே இடத்தில் நின்றது, அதிலும் ஒரு பக்கத்தைக் கல் உடைக்கிறவர்கள் தின்றுவிட்டிருந்தார்கள்.

அக்கா காடியை விட்டு இறங்கி, கண்ணுக்கு மேல் கையை வைத்து மலையைப் பார்த்தாள். அப்புறம் நொண்டி நொண்டி இருபதடி நடந்தாள். கடைவீட்டு வரிசைக்கு முன்னால், காடி நிறுத்துவதற்காக வெள்ளைக் கோடு போட்டிருந்த வெற்றிடம் ஒன்று இருந்தது. அதன் நடுவில் போய் நின்றாள்.

“இதாண்டா பிரட்டுக் களம்.”

“இது இல்லக்கா. களம் அந்தப் பக்கம்.”

“உனக்கு என்ன தெரியும்? தெனமும் விடியக்காலையில இங்க நின்னு அந்த மலையப் பாத்தவ நான். நீ அப்ப போத்திக்கிட்டுத் தூங்குன.”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள எனக்கு மனமில்லை. பந்தயக் கோட்டுக்குப் பக்கத்தில், கடைகளின் முன்னால் இருந்த அஞ்சடி நடைபாதையில், நிழலாகப் பார்த்து ஒரு நாற்காலியைப் போட்டு அவளை உட்கார வைத்தேன். அவள் சொன்ன பிரட்டுக் களம் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. என் கூட்டாளிக்கு அன்று போட்டி இல்லை, அக்காவுக்குத் துணையாக இருக்கச் சொன்னேன். அவன் பொட்டலத்தைப் பார்த்ததுமே சரியென்றுவிட்டான்.

போட்டி தொடங்கியது. வயதானவர்கள் பிரிவு என்று பேர்தான், அதில் வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரு காலத்தில் மாநிலத்துக்கு ஓட்டினவர்கள். முதல் நாலு சுற்று கும்பலோடு ஒட்டிக்கொண்டேன். கும்பலுக்குள் இருந்தால் முன்னால் போகிறவன் காற்றைத் தாங்கிக்கொள்வான், நமக்குப் பாதி வேலைதான். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் எல்லோரும் மெதுவாகி, திரும்பியதும் பேய் பிடித்தமாதிரி பாய்வார்கள். அந்தப் பாய்ச்சலில்தான் என் நாக்கு தள்ளும். ஐந்தாவது சுற்றில் ஒரு திருப்பத்தில் எனக்கும் முன்னவனுக்கும் நடுவே ஒரு சைக்கிள் இடைவெளி விழுந்தது. அடுத்த திருப்பத்தில் அது ஒரு லோரி இடைவெளி ஆனது. அதற்கப்புறம் கும்பல் போயே போய்விட்டது.

தனியாக ஓட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, தார் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன். கால் எரிந்தது. நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. என் கோபமெல்லாம் கும்பல் மேல் இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னாலேயே ஏறியிருக்க வேண்டிய சைக்கிளில் இப்போது ஏறியிருக்கிற என் மேல்தான்.

கோட்டைத் தாண்டும்போதெல்லாம் அக்கா தெரிந்தாள். முதலில் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் பார்த்தால் நின்றுகொண்டிருந்தாள். அதற்கடுத்த சுற்றில் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு சாலையோரத் தடுப்பு வரைக்கும் வந்துவிட்டாள், பக்கத்தில் நின்ற மலாய்ப் பெண்மணியின் தோளைத் தட்டி, என்னைக் கை காட்டி, உலகத்துக்கே கேட்கிறமாதிரி மலாயில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அடேக் சாயா. நொம்போர் சத்து.”

என் தம்பி, முதல் இடம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சுற்றின் பாதியில்தான் அவள் எப்படி நினைத்திருக்கிறாள் என்று விளங்கியது. நான் தனியாக வருகிறேன். எனக்கு வெகு தூரம் பின்னால் அத்தனை பேரும் கும்பலாகத் துரத்திக்கொண்டு வருகிறார்கள். பார்க்கிறவளுக்கு வேறு என்ன தோன்றும்? தம்பி எல்லோரையும் பின்னால் விட்டுவிட்டுப் பறக்கிறான். கும்பல் என்னைத் துரத்தவில்லை, ஒரு சுற்று முழுக்கச் சுற்றி வந்து என்னை விழுங்கப் போகிறது என்று அவளுக்கு யார் சொல்வது? என் கூட்டாளி சொல்லியிருக்கலாம். அவன் வாயில் நாசி லெமாக்.

ஓட்டினேன். அவ்வளவு வேகமாக என் வாழ்க்கையில் ஓட்டினதில்லை. வெட்கத்தில் ஓட்டினேன். அக்கா அப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது, அவளை அப்படியே நிற்க விட வேண்டும் என்று ஓட்டினேன். கோட்டில் இருந்த பலகையில் மூன்று சுற்று மீதி என்று போட்டிருந்தது. மூன்று போதும், தாங்கிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த சுற்றின் கடைசித் திருப்பத்தில், பின்னாலிருந்து டயர்களின் இரைச்சல் கேட்டது. மழை வருகிறமாதிரி வந்து, இரண்டு பக்கமும் என்னைக் கடந்து, கோட்டைத் தாண்டிப் போனது. பலகை இரண்டுக்கு மாறியது. நடுவர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். விசில்.

அக்காவுக்கு நேர் எதிரே.

வெளியே போ என்று அவர் கை காட்டிய பக்கம் திரும்பினேன். அது அக்கா காலையில் போய் நின்ற அந்த வெற்றிடம். காலை வைத்துவிட்டு அப்படியே கைப்பிடி மேல் படுத்துவிடலாம் போல இருந்தது. சப்பாத்தை விடுவிக்கப் போனேன். அப்போது அக்காவின் குரல் கேட்டது.

“டே. ஊனாத.”

அவள் என்னிடம் வரவில்லை. தடுப்பைப் பிடித்துக்கொண்டே நடுவரிடம் போனாள். அவர் ஒரு மலாய்க்காரர், நல்ல மனிதர், கழுத்தில் விசில், கையில் பலகை. அக்கா என் காலைச் சுட்டிக்காட்டி அவரிடம் நியாயம் கேட்டாள்.

“தியா தாக் லெத்தாக் காக்கி லா.”

அவன் காலை வைக்கவே இல்லையே. அதுதான் அவளுடைய வழக்கு. விசில் எதற்கு ஊதுவார்கள்? கால் தரையில் பட்டால் ஊதுவார்கள். பட்டதா? படவில்லை. அப்புறம் ஏன் ஊதினாய்? பிரட்டுக் களத்துச் சட்டத்தை எடுத்து அந்த மனிதர் முகத்துக்கு நேரே வைத்துவிட்டாள். அவர் என் காலைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். ஒரு சுற்றுப் பின்தங்கிவிட்டால் வெளியே போக வேண்டும் அண்ட்டி என்று பொறுமையாக விளக்கினார். அதெல்லாம் இருக்கட்டும், அவன் காலை வைத்தானா இல்லையா, நீயே சொல் என்று அக்கா மறுபடி தொடங்கினாள். முதல் இடத்தில் வந்தவனை எப்படி வெளியாக்கலாம் என்றாள்.

நான் காலை வைக்கவில்லை. எப்படி வைப்பேன்? அவள் எனக்காக வாதாடிக்கொண்டிருக்கும்போது நான் வைத்தால் வழக்கே தோற்றுவிடுமே. அந்த வெற்றிடத்தில், வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே, நின்றும் நிற்காமலும் சுற்றிக்கொண்டிருந்தேன். முன்சக்கரத்தை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, மூச்சைப் பிடித்து. வியர்வை கண்ணில் இறங்கியது. தொடை நடுங்கியது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள், ஒருவர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார். எனக்கு அது எதுவும் உறைக்கவில்லை.

நடுவருக்கு அதற்கு மேல் நிற்க நேரம் இல்லை. கும்பல் மறுபடி வந்துகொண்டிருந்தது. “ஓகே, அண்ட்டி, ஓகே,” என்று கையைக் கூப்பாத குறையாகச் சொல்லிவிட்டுக் கோட்டுக்கு ஓடினார். மணி அடித்தது.

கணகணவென்று, நல்ல வெண்கல மணி. கும்பல் இரைந்துகொண்டு கடைசிச் சுற்றுக்குப் போனது. நான் சைக்கிள் மேல்தான் இருந்தேன். சாலையில் இல்லை, காடி நிறுத்துகிற இடத்தில். ஆனாலும் சைக்கிள் மேல்தான் இருந்தேன்.

அக்கா என்னிடம் வந்தாள். சண்டை போட்டதில் முகம் சிவந்து, நெற்றிப் பொட்டு கரைந்திருந்தது. நான் அவளைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் போட்டேன். அவள் திரும்பித் திரும்பி என் முன்சக்கரத்தையே பார்த்தாள். எனக்கு அழுகையாக வந்தது. அத்தனை வருஷத்துக்கு அப்புறம், அவள் கணக்குப்படி அதே களத்தில், நாங்கள் இரண்டு பேரும்.

“டே,” என்றாள். “உன் சிலுவார் பின்னால கிழிஞ்சிருக்கு.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

“பரவாயில்ல, இப்பதான் புத்தி வந்திருக்கு,” என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டிக் கைப்பிடியைப் பிடித்தாள். வண்டி நின்றது. அவள் பிடித்திருந்ததால் என் கால் இன்னும் பெடலிலேயே இருந்தது.

“அக்கா, நான் மொத எடம் இல்ல. கடைசி. அதான் வெளியாக்கிட்டாங்க.”

“தெரியும்லா. இப்பதான் அந்த ஆளு சொன்னாரு. நம்ம போட்டியில கடைசிதான மொத எடம்.”

இன்னும் கைப்பிடியை விடவில்லை. மலைப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“வீட்டுச் சாவியக் குடுத்துட்டேன்டா தம்பி. கறிவேப்பில மரத்தப் பக்கத்து வீட்டுல பாத்துக்கிறேன்னாங்க. நான் ஊனியாச்சு. இந்தத் தடவ நீதான் ஜெயிச்ச.”

பதின்ம வயதிலிருந்து நான் ஆசைப்பட்டுக்கொண்டிருந்த வெற்றி அது. அவள் வாயாலேயே அதைச் சொல்ல வைக்க எத்தனை தீபாவளிக்குச் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது அவளே கொண்டுவந்து கையில் கொடுக்கிறாள், எனக்கு அதை வாங்கப் பிடிக்கவில்லை.

சப்பாத்தை டக்கென்று விடுவித்தேன். ஒரு காலை வைத்தேன், மறு காலையும் வைத்தேன்.

“நானும் ஊனிட்டேன்க்கா,” என்றேன்.

அவள் என் காலைப் பார்த்தாள். கிராணி பார்க்கிற மாதிரியே, குனிந்து, இரண்டு காலையும் பார்த்தாள். அப்புறம் கைப்பிடியை விட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் நாற்காலி இருந்த பக்கம் நடந்தோம்.